ஓர் ஊரில் மூன்று மாதம்: அயல்நாடுகளில் நிதானமாகத் தங்கி வாழ்வதற்கு ஒரு வழிகாட்டி

அயல்நாடுகளில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பார்க்க வேண்டிய ஊர்களின் பட்டியலை எழுதுவதுதான். அந்தப் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள்; மீதியிருப்பதை இன்னொரு முறை பாதியாக்குங்கள். ஓராண்டுக்கு நான்கு ஊர்கள் போதும், மூன்றாக இருந்தால் இன்னும் நல்லது. ஓர் ஊரில் முதல் மாதம் எது எங்கே கிடைக்கும், எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தேடுவதிலேயே கழிந்துவிடும். இரண்டாம் மாதத்தில்தான் அன்றாடம் ஒரு சீருக்கு வரும். மூன்றாம் மாதத்தில்தான் அக்கம்பக்கத்தார் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள். இரண்டு வாரத்தில் கிளம்புகிறவருக்கு அந்தத் தேடல் மட்டுமே மிஞ்சுகிறது. அடிக்கடி இடம் மாறாதபோது போக்குவரத்துச் செலவு சுருங்குகிறது, நாள் வாடகைக்குப் பதில் மாத வாடகை பேச முடிகிறது, உடலும் ஓய்வு கொள்கிறது.

உலகக் குடிமக்களாக வாழ விரும்புகிறவர்கள் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். உலகம் என்ற நாடு எவருக்கும் குடியுரிமை தருவதில்லை. 1948ஆம் ஆண்டு பாரிஸில் தம் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்த கேரி டேவிஸ், பின்னர் உலகக் கடவுச்சீட்டு ஒன்றையே அச்சிட்டு வழங்கினார். பெரும்பாலான எல்லைகளில் அது நம்பத்தக்க ஆவணமாக ஏற்கப்படவில்லை, அவரும் பலமுறை சிறை செல்ல நேர்ந்தது. அவருடைய கனவை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று நடைமுறையில் உலகக் குடிமக்களாக இருப்பது என்றால், தங்கும் ஒவ்வொரு நாட்டிலும் நாள் கணக்கு, வரி, வாடகை, அக்கம்பக்கம் ஆகிய நான்கிலும் நேர்மையான குடித்தனக்காரராக இருப்பதே என்று நான் கருதுகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் நாள் கணக்கு

எந்த நாட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை உங்கள் விருப்பமோ கையிலுள்ள பணமோ முடிவு செய்வதில்லை. உங்கள் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியின் வகையும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அந்த நாட்டின் தூதரகம் அல்லது குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வப் பக்கத்தில் உங்கள் நாட்டினருக்கு உரிய விதியைப் படித்து, படித்த தேதியுடன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னது, முன்பு போய் வந்தவர் எழுதியது எல்லாம் துணைக்குத்தான் உதவும். அவருடைய கடவுச்சீட்டு வேறாக இருந்தால் அதுவும் உதவாது.

அதிகம் பேரைத் தடுமாற வைப்பது ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதி விதி. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட இருபத்தொன்பது நாடுகள் அடங்கிய அந்தப் பகுதி முழுவதற்கும் சேர்த்து, எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் குறுகிய காலப் பயணியாக இருக்கக் கூடாது. இதில் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. ஒரு நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது முதல் தவறு. 90 நாளை மூன்று மாதம் என்று கொள்வது இரண்டாவது. நுழையும் நாளையும் வெளியேறும் நாளையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது மூன்றாவது.

இதை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். மார்ச் 1 அன்று நுழைகிறீர்கள். மார்ச்சில் 31 நாள், ஏப்ரலில் 30 நாள், ஆக 61. மே 29 அன்று 90 நிறைவடைகிறது. மே மாத முடிவு வரை இருக்கலாம் என்று எண்ணியவர், ஏதும் அறியாமலே இரண்டு நாள் அதிகம் தங்கியவராகிறார். மே 29 அன்று வெளியேறினால், மீண்டும் எப்போது நுழையலாம்? தினமும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ண வேண்டும். ஆகஸ்ட் 27 அன்று எண்ணினால் அந்த 180 நாட்களுக்குள் மார்ச் 1 இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் 28 அன்று எண்ணினால் அது வெளியே போய்விடுகிறது. எனவே ஆகஸ்ட் 28 முதல் ஒவ்வொரு நாளும் ஒரு பழைய நாள் கழிந்து ஒரு புதிய நாள் கிடைக்கும், நவம்பர் 25 வரை மறுபடியும் தொடர்ந்து தங்கலாம். நான் இதைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுவேன். கணிப்பான் செயலிகள் இருந்தாலும், கையால் ஒருமுறை எண்ணியவர்களுக்கு விதி மனத்தில் நிற்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவையும் வெளியேற்றத்தையும் கைரேகையுடனும் முகப் படத்துடனும் மின்னணு முறையில் பதிவு செய்யும் ஏற்பாடு கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்துள்ளது. முத்திரை மங்கலாக இருந்தது, அதிகாரி கவனிக்கவில்லை என்ற பழைய சமாதானங்களுக்கு இனி இடமில்லை.

இந்தக் கணக்கையே பயணத்தின் எலும்புக்கூடாகக் கொள்ளலாம். ஷெங்கனில் 90 நாள், அதன்பின் அதற்கு வெளியே உள்ள ஒரு நாட்டில் 90 நாள் என்று மாற்றி மாற்றித் திட்டமிடுவது நீண்ட நாளாகப் பலர் கையாளும் வழி. அயர்லாந்து, சைப்ரஸ், பிரிட்டன், பால்கன் நாடுகள் சில, துருக்கி, ஜார்ஜியா ஆகியவை அந்தப் பகுதிக்கு வெளியே உள்ளவை. ஆனால் ஷெங்கன் பகுதியின் எல்லையே காலத்துக்குக் காலம் மாறுவதால், குரோவேஷியா 2023 ஜனவரியிலும், பல்கேரியாவும் ருமேனியாவும் முழு அளவில் 2025 ஜனவரியிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதைப் பழைய கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் தவறவிடக் கூடாது.

ஆறு மாதமோ ஓராண்டோ ஒரே நாட்டில் இருக்க விரும்பினால், சுற்றுலா அனுமதியை நீட்டிக்க முயல்வதைவிட நீண்ட காலத்துக்கு உரிய அனுமதியை முதலிலேயே கேட்பதுதான் முறை. அயல்நாட்டு நிறுவனத்துக்காக இணையம் வழி வேலை செய்கிறவர்களுக்கு எஸ்தோனியா, பார்படோஸ் இரண்டும் 2020இல் தனி அனுமதிகளைக் கொண்டுவந்தன. போர்ச்சுகல் 2022 அக்டோபரிலும், ஸ்பெயின் 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் வழியும் அதே பாதையில் வந்தன. ஜப்பான் 2024இல் ஆறு மாதத்துக்கு, நீட்டிக்க இயலாத ஓர் அனுமதியை அறிமுகப்படுத்தியது. தாய்லாந்து அதே ஆண்டு ஐந்தாண்டு செல்லுபடியாகும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தங்கக்கூடிய ஒன்றை அறிமுகப்படுத்தியது. இவற்றைப் பொதுவாக டிஜிட்டல் நாடோடி விசா என்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே வருமானச் சான்று அல்லது சேமிப்புச் சான்றைக் கேட்கும். பல நாடுகள் மருத்துவக் காப்பீட்டையும் காவல்துறை நற்சான்றையும் கேட்கும். எஸ்தோனியாவின் மின்-வதிவிடம் என்ற திட்டத்தை வைத்து அங்கே குடியிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2014இல் தொடங்கிய அது இணையத்தில் தொழில் நடத்துவதற்கான அடையாள அட்டை மட்டுமே, எல்லையில் அது உங்களை உள்ளே விடாது.

சுற்றுலா அனுமதியில் இருந்துகொண்டு மடிக்கணினியில் வேலை பார்க்கலாமா என்பது பலரும் கேட்டுக் குழம்பும் கேள்வி. சில நாடுகள் வெளிப்படையாக அனுமதிக்கின்றன: நியூசிலாந்து 2025 ஜனவரி முதல் வருகையாளர் அனுமதியிலேயே வெளிநாட்டு நிறுவனத்துக்கான தொலைவேலையை ஏற்கிறது. பல நாடுகளின் சட்டம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு சில எந்த வேலையையும் தடை செய்கின்றன. தெளிவாக எழுதப்படாத இடத்தில், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு. தங்குமிடத்துக்கு ஈடாகத் தோட்ட வேலை, விடுதி வேலை செய்வதையும் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன என்பதை, அன்புடன் அழைக்கும் குடும்பங்களே பல நேரம் அறிந்திருப்பதில்லை.

வரி

ஓர் ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் எந்த நாட்டுக்கும் வரி கட்ட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பயணிகளிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பாதி உண்மை மட்டுமே, அந்தப் பாதிதான் ஆபத்தானது. சுவிட்சர்லாந்தில் வேலை செய்துகொண்டு 30 நாள் தங்கினாலே வரி வதிவாளர், அதாவது அந்த நாட்டுக்கு வரி கட்டக் கடமைப்பட்ட குடியிருப்பாளர், ஆகலாம், வேலையின்றி என்றால் 90 நாள். பிரிட்டனில் வீடு, குடும்பம், வேலை போன்ற பிணைப்புகள் இருந்தால் 183ஐவிட மிகக் குறைந்த நாட்களிலேயே அந்த நிலை வந்துவிடும். அமெரிக்கா தன் குடிமக்களிடம் அவர்கள் உலகில் எங்கே இருந்தாலும் வருமானக் கணக்கைக் கேட்கிறது. இரண்டு நாடுகள் ஒரே நேரத்தில் உங்களை வதிவாளராகக் கோரினால், அவற்றுக்கிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கும்போது, பொதுவாக நிலையான வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழக்கமாக வசிப்பது எங்கே, குடியுரிமை எது என்ற வரிசையில் பார்த்து முடிவு செய்வார்கள். நிதி ஆண்டும் நாட்டுக்கு நாடு வேறு: பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1. ஆகவே கிளம்புவதற்கு முன் ஒருமுறை, அயல்நாட்டு வருமானம் தெரிந்த வரி ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

காகிதங்கள்

பெரும்பாலான நாடுகளில் நுழையும்போதோ வெளியேறும்போதோ கடவுச்சீட்டில் ஆறு மாதச் செல்லுபடிக் காலமும் வெற்றுப் பக்கங்களும் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டே புதுப்பித்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம், காவல்துறை நற்சான்று ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் என்னும் சான்று முத்திரையைச் சொந்த நாட்டில் இருக்கும்போதே பெறுங்கள். அயல்நாட்டிலிருந்து அதை வாங்குவதற்குள் ஒரு பருவமே போய்விடும். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகள் இந்த ஒரே முத்திரையை ஏற்கின்றன; சேராத நாட்டுக்குப் போகிறவர்கள் தூதரகச் சான்று வரை செல்ல வேண்டியிருக்கும். காவல்துறை நற்சான்று சில மாதங்களில் காலாவதியாகிவிடும் என்பதால் அதை மட்டும் கடைசியில் எடுக்க வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கியிலும் வீட்டு விவகாரத்திலும் உங்களுக்காகக் கையெழுத்திட ஒருவர் வேண்டியிருக்கும்.

உடல்நலம்

பயணக் காப்பீடு வேறு, அயல்நாட்டில் வாழ்கிறவர்களுக்கான மருத்துவக் காப்பீடு வேறு. முன்னது திடீர் விபத்துக்கும் நோய்க்கும் உரியது, குணமாக்கி வீட்டுக்கு அனுப்பும் நோக்கம் கொண்டது. பின்னது தொடர் சிகிச்சையையும் பரிசோதனையையும் ஏற்கும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் பின்னதையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை மட்டுமாவது எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் முதலில் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா, இருசக்கர வண்டி விபத்து அடங்குமா. அயலூரில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவர்களில் பலர், சொந்த நாட்டு உரிமத்திலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியிலும் இருசக்கர வண்டிக்கான அனுமதி இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்பதை மருத்துவமனைப் படுக்கையில்தான் அறிகிறார்கள்.

மருந்துகளை நிறுவனப் பெயரால் நினைவு வைக்காதீர்கள், மூலப்பொருளின் பெயரால் எழுதி வையுங்கள். நிறுவனப் பெயர் எல்லையைத் தாண்டினால் மாறிவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, அசல் உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள். ஓரிடத்தில் சாதாரணமாக எழுதித் தரும் மருந்து வேறோர் இடத்தில் குற்றமாகலாம்: ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாட்டுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமைன் அடங்கிய மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. பல் மருத்துவரைக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வங்கிகளில் இரண்டு கணக்குகள், விசா, மாஸ்டர்கார்டு போன்ற இரு வேறு நிறுவன வலையமைப்பைச் சேர்ந்த அட்டைகள், அவை ஒரே பணப்பையில் இல்லாதிருத்தல், திரும்புவதற்கான பயணச் செலவும் ஒரு மாதச் செலவும் தொடாத பணமாக இருத்தல். ஏடிஎம்மிலோ கடையிலோ உங்கள் சொந்த நாணயத்தில் கட்டவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் கூடுதல் உங்களுக்குத் தெரியாமல் போகும். பெரும்பாலும் மறக்கப்படுவது கைபேசி எண். வங்கியின் ஓடிபி வருவது சொந்த நாட்டு சிம்முக்குத்தான். அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க மாதம் எவ்வளவு, அயல்நாட்டில் குறுஞ்செய்தி வருமா என்பதைப் புறப்படும் முன்பே சோதித்துப் பாருங்கள். எண் செத்துவிட்டால் கணக்கில் பணமிருந்தும் கையில் இல்லாத நிலை வரும்.

வீடு

மூன்று மாத வாடகையைப் படங்களை மட்டும் பார்த்து முன்கூட்டி அனுப்பாதீர்கள். முதல் எட்டுப் பத்து நாளுக்கு மட்டும் விடுதியோ அறையோ எடுத்துக்கொண்டு, நீங்கள் வாழ எண்ணும் பகுதியைக் காலையில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை நடந்து பாருங்கள். தலைநகரங்களையும் புகழ்பெற்ற கடற்கரைகளையும்விட, ரயில் நிலையமும் மருத்துவமனையும் நூலகமும் உள்ள நடுத்தர ஊர்களே நீண்ட நாள் வாழ ஏற்றவை என்பது என் தீர்மானம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு உண்டு: இத்தாலியில் 1999இல் தொடங்கி இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் சித்தாஸ்லோ என்னும் நிதான நகரங்களின் கூட்டமைப்பில் முழு உறுப்பினராவதற்கு ஊரின் மக்கள்தொகை 50,000க்குள் இருக்க வேண்டும், அந்த உறுப்பினர் பட்டியல் நல்ல தொடக்கப் புள்ளி.

வீட்டைப் பார்க்கும்போது வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். வெந்நீர் எத்தனை நிமிடத்தில் வருகிறது, குளியலறைத் தண்ணீர் வடிகிறதா நிற்கிறதா, கழிவறைத் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். மெத்தையில் உட்காராமல் முழு நீளத்துக்குப் படுத்துப் பாருங்கள். சன்னல்களை மூடிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். தெருவின் சத்தம், மேல்வீட்டின் நடை, தண்ணீர்ப் பம்பின் முனகல் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். அலமாரியைத் திறந்து முகர்ந்தால் சுவரில் ஈரம் இருக்கிறதா என்பது புரிந்துவிடும். வைஃபையில் பதிவிறக்க வேகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். வேலைக் கூட்டங்களில் உங்கள் முகத்தையும் குரலையும் கொண்டுசேர்ப்பது அதுதான்.

சாவியை வாங்கும் நாளில், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வீடு முழுவதையும் காணொளியாக எடுத்து, மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், எரிவாயு மீட்டர் எண்கள் தெரியும்படி நிறுத்திக் காட்டி, அதை வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். கைகழுவும் தொட்டியின் விளிம்பில், சோப்பு வைக்கும் இடத்துக்குக் கீழே, முடி இழை அளவுக்கு ஒரு விரிசல் முதல் நாளே இருந்தது. பார்த்தேன், கையால் தடவியும் பார்த்தேன், படம் எடுக்கவில்லை. கிளம்பும் நாளில் அந்த விரிசல் என் கணக்கில் எழுதப்பட்டு, முன்பணத்தில் பாதி போயிற்று. வாதாட எனக்கு மொழியும் இல்லை, சான்றும் இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் முதலிலேயே கேட்க வேண்டும்: முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரா என்பது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. அந்தப் பதிவு இல்லாமல் அங்கே வங்கிக் கணக்கிலிருந்து வதிவிட அட்டை வரை பல வேலைகள் நகராது. தாய்லாந்தில் அயல்நாட்டவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் வீட்டுக்காரர் வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட விரும்பாதவராக இருக்கலாம்; அத்தகைய வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

வாடகையில் நம்முடைய பொறுப்பும் இருக்கிறது. பார்சிலோனா நகராட்சி, தன் ஊரிலுள்ள ஏறத்தாழ 10,000 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு தொடரப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தது. ஊரில் பிறந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் ஊரைவிட்டு வெளியேறுவதே அதற்குக் காரணம். நாம் அயல்நாட்டு வருமானத்தோடு வந்து, கேட்ட தொகையைப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்தத் தெருவின் வாடகையை ஏற்றிவிட்டுப் போகிறோம். ஆகவே உரிமம் இல்லாத நாள் வாடகை வீடுகளைத் தவிர்த்து, குடும்பங்கள் வாழும் வீட்டில் ஓர் அறையையோ, சட்டப்படியான மாத ஒப்பந்தத்தில் ஒரு வீட்டையோ எடுங்கள். உள்ளூரில் வேலை செய்கிற ஒருவர் அதே வீட்டுக்கு என்ன கொடுப்பார் என்று விசாரித்து அதை ஒட்டியே பேசுங்கள். அந்த ஊர் எவ்வளவு மலிவு என்று அந்த ஊர்க்காரர்களிடமே வியந்து பேசுவதை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது மலிவாக இருப்பதில்லை.

ஊரும் மொழியும்

முதல் வாரத்தில் சுற்றிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். மருந்துக் கடை, அஞ்சலகம், சலவை, முடி திருத்தகம், நூலகம், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஆகியவற்றை நடந்தே கண்டுபிடியுங்கள். அதே கடையில், அதே நேரத்தில், அதே ஆளிடம் வாங்குங்கள். ஒருவரை மீண்டும் மீண்டும் பார்ப்பதிலிருந்துதான் அறிமுகம் முளைக்கிறது. வாரம் ஒருமுறை ஒரே நாளில் கூடும் எதிலாவது சேருங்கள்: பாட்டுக் குழு, நடைக் குழு, மொழி வகுப்பு, சதுரங்கம். ஐந்தாம் வாரம் நீங்கள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

மொழியில் எவ்வளவு முயல்வது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியம், அரபு, சீனம், கொரியத்துக்கு ஏறத்தாழ 2,200 மணி நேரமும் ஆகும் என்பது அமெரிக்க அயலுறவுப் பணிப் பயிற்சிக் கழகத்தின் கணக்கு. மூன்று மாதத்தில் அது முடியாது, தேவையும் இல்லை. முதலில் எண்களைக் காதால் பழகுங்கள், வாயால் சொல்வது பிறகு வரும். விலை, நேரம், வீட்டு எண், பேருந்து எண் எல்லாம் விரைவாகச் சொல்லப்படும்போது புரிந்தால் பாதி நாள் ஓடிவிடும். அடுத்து, நீங்கள் தினமும் சொல்ல நேரும் முப்பது வாக்கியங்களை முழு வாக்கியமாகவே உருப்போடுங்கள். “நான் இந்த மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்” என்பது அவற்றுள் முதலாவதாக இருக்கட்டும். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, அன்று புரியாமல் போன ஒரு சொல்லை மட்டும் எழுதி, மறுநாள் அதே கடைக்காரரிடம் அதைப் பயன்படுத்துங்கள். அவர் முகத்தில் வரும் மலர்ச்சியை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அன்றைய நாள் முழுவதும் எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

மனம் சோரும் காலம் ஒன்று வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மானிடவியலாளர் காலெர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில், அயல்நாட்டு வாழ்வு தேனிலவு போன்ற மகிழ்ச்சியில் தொடங்கி, எரிச்சலிலும் வெறுப்பிலும் இறங்கி, பிறகே இயல்புக்கு வரும் என்று விளக்கினார். மறுஆண்டு, அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த ஸ்வெரெ லிஸ்கார்ட், ஆறு முதல் பதினெட்டு மாதம் இருந்தவர்களே, அதைவிடக் குறைவாகவோ அதிகமாகவோ இருந்தவர்களைக் காட்டிலும், ஒட்டாமல் இருந்ததைக் கண்டார். ஒரு மாதத்துக்குப் பின் எல்லாம் எரிச்சலூட்டத் தொடங்கினால் ஊரை மாற்றாதீர்கள். தூக்கம், நடை, வீட்டாருடன் வாரத்தில் குறித்த நேரப் பேச்சு ஆகிய மூன்றையும் சீராக்கிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். சொந்த நாட்டவர்களின் கூட்டத்தில் மட்டும் ஒண்டிக்கொள்வது அப்போது இதமாக இருக்கும். வாரத்தில் ஒருநாள் போதும், ஏழு நாளும் அங்கேயே இருந்தால் இந்த ஊருக்கு வந்ததாகவே ஆகாது. ஆனால் மூன்று வாரத்துக்குப் பின்னும் படுக்கையைவிட்டு எழ மனமில்லை என்றால் அது ஊரின் குறையும் இல்லை, உங்கள் குறையும் இல்லை. உங்கள் மொழியில் பேசும் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியிலாவது அணுகுங்கள், வீடு திரும்புவதையும் தயங்காமல் எண்ணிப் பாருங்கள்.

தூதரகத்தில் உங்கள் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுங்கள். எங்காவது தடுத்து வைக்கப்பட்டால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தருகிறது. சொந்த ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதையும் ஊர்த் தேர்வில் ஓர் அளவுகோலாக வையுங்கள். இரண்டு விமானம் மாற வேண்டிய ஊரும் ஒரே விமானத்தில் போகக்கூடிய ஊரும் அப்போது ஒன்றல்ல.

கிளம்பும்போது

ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். முகவரிப் பதிவை நீக்க வேண்டிய நாட்டில் நீக்குங்கள். நீக்காவிட்டால் கட்டணங்களும் வரிக் கேள்விகளும் உங்களைத் தேடி வந்துகொண்டே இருக்கும். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, விமான நுழைவுச் சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் போடுங்கள். நீங்கள் எங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதற்குச் சில ஆண்டு கழித்து வரி அதிகாரி கேட்கும் சான்று அவைதான். வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று மீட்டர் எண்களைப் படித்து, முதல் நாள் காணொளியை அவர் முன்னிலையிலேயே ஓட்டிக் காட்டி, முன்பணம் எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்கு வரும் என்பதை எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். எப்போதும் வாங்கிய கடைக்காரரிடமும் வாரக் குழுவிலும் கிளம்பும் தேதியைப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லையில் முத்திரை வைக்கும் வழக்கம் உள்ள நாடாக இருந்தால், அதிகாரியின் மேசையை விட்டு நகர்வதற்கு முன் வெளியேறும் முத்திரையின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதியைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் குறித்துவிட்டு, அடுத்த நாட்டின் பக்கத்தைத் திருப்புங்கள்.